ஜீவனியில் உப்போடு சீனி ஏன்? காவிப் புரதம் சீனியை எப்படி உள்ளே எடுக்கிறது?

தாவடிப் பிள்ளை
திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். நான் ஏ.எல். உயிரியல், இரண்டாம் தரம் எடுக்கிறேன். போன கிழமை தம்பிக்கு வயிற்றோட்டம். அம்மா ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் குடிக்கக் கொடுக்கிற உப்பும் சீனியும் கலந்த தூள்) பைக்கற்றைக் கரைத்துக்கொண்டிருக்க, அம்மம்மா பக்கத்தில் இருந்து கேட்டார்: "வயிற்றால போற பிள்ளைக்கு உப்புக் குடுக்கிறது சரி. சீனி ஏன் போட்டிருக்கிறாங்கள்? ருசிக்கோ?" வீட்டில் உயிரியல் படிக்கிறவள் நான்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோப்பையைப் பார்த்தேன்.

பிறகு குறிப்புகளைப் புரட்டினால் குழப்பம் கூடிவிட்டது. ரியூசன் குறிப்பில், "சிறுகுடலில் குளுக்கோசு உயிர்ப்பான முறையில் அகத்துறிஞ்சப்படும், காவிப் புரதம் ஏ.ரி.பி.யைப் பயன்படுத்தும்" என்று இருக்கிறது. ஏ.ரி.பி. என்றால் கலம் சக்திக்காகச் செலவழிக்கிற மூலக்கூறு. இன்னொரு புத்தகத்தில், செங்குழியத்துக்குள் குளுக்கோசு போகச் சக்தியே தேவையில்லை என்று இருக்கிறது. ஒரே குளுக்கோசு. ஒரு இடத்தில் சக்தி வேண்டும், மற்ற இடத்தில் வேண்டாமா?

அப்புறம், படத்தில் அந்தப் புரதத்தை ஒரு ஓட்டை மாதிரிக் கீறியிருக்கிறார்கள். ஓட்டை இருந்தால் கண்டதும் உள்ளே போய்விடாதா?

சுன்னாகம் சுருக்கர்
திங்கள், இரவு 9.20

ருசிக்குத்தான். அடுத்த கேள்வி.

கோப்பாய் ரீச்சர்
திங்கள், இரவு 10.05

சுருக்கர், உங்களுக்கு நாளைக்கு வருகிறேன்.

பிள்ளை, செங்குழியத்தைப் பற்றி அந்தப் புத்தகம் சொல்வது சரி. ரியூசன் குறிப்பில் பாதி சரி, பாதி பிழை. எந்தப் பாதி பிழை என்பதைக் கடைசியில் நீங்களே சொல்வீர்கள்.

முதலில் குசினிக்குப் போய் ஒரு கரண்டி நல்லெண்ணெயில் கொஞ்சம் சீனி போட்டுக் கலக்குங்கள். எவ்வளவு கலக்கினாலும் அடியில் மணல் மாதிரிக் கிடக்கும். கல மென்சவ்வின் நடுப்பகுதியும் அப்படித்தான். பொசுபோலிப்பிட்டுகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன; தலைகள் வெளியே நீரைப் பார்த்தபடி, வால்கள் நடுவில் எண்ணெய் மாதிரி. மொத்தத் தடிப்பு சுமார் 5 நானோமீற்றர். ஆனால் குளுக்கோசுக்கு அது பெரிய மதில். அதனிடம் ஐந்து ஐதரொட்சில் கூட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நீரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறது. எண்ணெய்க்குள் இறங்க வேண்டுமானால் அந்தக் கைகளை எல்லாம் விட வேண்டும். விடாது.

அதனால் புரதம் வேண்டும். செங்குழியத்தில் இருப்பதன் பெயர் குளூற் 1. 492 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே சங்கிலி, மென்சவ்வை 12 தரம் ஊடறுத்துப் போய் வருகிறது. இந்தக் கோவை 1985 இல் தெரியவந்தது. ஒரு செங்குழியத்தில் இப்படி இரண்டு லட்சத்துக்கும் மேல் இருக்கும். அவை இருப்பதால் குளுக்கோசு உள்ளே போகும் வேகம் வெறும் மென்சவ்வை விட சுமார் 50,000 மடங்கு. இதற்கு ஒரு ஏ.ரி.பி. கூடச் செலவில்லை. குருதியில் குளுக்கோசு கூட, கலத்துக்குள் குறைவு. பள்ளத்துக்கு நீர் ஓடுகிற மாதிரி ஓடும்.

உள்ளே வந்தது ஏன் திரும்ப வெளியே ஓடவில்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். வந்த கையோடு கலம் அதன் மேல் ஒரு பொசுபேற்றை ஒட்டிவிடும். பொசுபேற்று ஒட்டியது குளூற்றுக்குள் பொருந்தாது.

ஓட்டைக் கேள்வி நல்ல கேள்வி. அது ஓட்டையே இல்லை. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திறந்திருக்கும். வெளிப்பக்கம் திறந்து குளுக்கோசை எடுக்கும், மூடும், பிறகு உள்பக்கம் திறந்து விடும். இரண்டு பக்கமும் சேர்ந்து திறந்திருக்கும் நிலை வராது. அயன் கால்வாய்கள் உண்மையான ஓட்டைகள். அவற்றால் ஒரு செக்கனுக்குக் கோடிக்கணக்கில் அயன்கள் பாயும். குளூற் 1 செக்கனுக்கு ஆயிரம் அளவில்தான் மாற்றும். அந்த வேகத்தைப் பார்த்தே இது ஓட்டை அல்ல என்று சொல்லிவிடலாம்.

கண்டதும் போகுமா என்றால், போகாது. குளுக்கோசின் கண்ணாடி விம்பம் எல்-குளுக்கோசு. அணுக்கள் எல்லாம் ஒன்று, அமைப்பு மட்டும் இடம் வலம் மாறியது. அதைக் கூடக் குளூற் 1 கிட்டத்தட்டத் திரும்பியே பார்க்காது.

துலாக்கொடி
செவ்வாய், காலை 5.40

ரீச்சர், நான் எட்டாம் வகுப்போடு தோட்டத்துக்கு இறங்கினவன். பேத்தி இந்த இழையைக் காட்டினாள். ஒன்று கேட்கலாமா? நீங்கள் சொல்கிறது காரைநகருக்கும் ஊர்காவற்துறைக்கும் இடையில் ஓடுகிற பாதைப் படகு மாதிரியா? இந்தக் கரையில் ஆளை ஏற்றி அந்தக் கரையில் இறக்குகிறது?

பனிக்குளிரில் ஒருவன்
செவ்வாய், காலை 6.15

ஐயா, நான் ஸ்காபுரோவில் இருந்து எழுதுகிறேன். புரத அமைப்புப் படிக்கிற ஆய்வுகூடத்தில் சில வருடம் வேலை செய்தவன். நீங்கள் நினைத்ததைத்தான் ஆரம்பத்தில் விஞ்ஞானிகளும் நினைத்தார்கள். காவி என்ற சொல்லே அதில் இருந்து வந்தது: ஏதோ ஒன்று குளுக்கோசைத் தூக்கிக்கொண்டு மென்சவ்வின் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்குப் போய் வருகிறது என்று.

ஆனால் புரதம் எங்கும் போவதில்லை. 12 கம்பியால் தைத்து வைத்த மாதிரி அதே இடத்தில் நிற்கிறது. மாறுவது அதன் வாய் பார்க்கும் திசை மட்டும். 1966 இல் யார்டெற்ஸ்கி என்பவர் இதைக் கணக்காக எழுதினார். கண்ணால் பார்க்க நெடுங்காலம் எடுத்தது. 2003 இல் பற்றீரியாவின் இலற்றோசுக் காவி, 2014 இல் மனிதக் குளூற் 1, அடுத்த வருடம் குளூற் 3. மனிதருடைய இரண்டும் பெய்ஜிங்கில் நியெங் யான் குழுவின் வேலை. ஒன்றில் வாய் உள்ளே பார்க்கிறது, மற்றதில் வெளியே பார்க்கிறது. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால், புரதத்தின் இரண்டு பாதிகள் நடுவில் இருக்கும் சீனியைச் சுற்றி ஆடுவது தெரியும்.

துலாக்கொடி
செவ்வாய், காலை 6.31

ஆடுவதா? அப்போது அது பாதை இல்லை, துலா.

கோப்பாய் ரீச்சர்
செவ்வாய், காலை 7.02

ஐயா, இதை நான் முப்பது வருடம் படிப்பித்தும் எனக்குத் தோன்றவில்லையே. கொஞ்சம் விரித்து எழுதுங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் மோட்டரைத் தவிர வேறு ஒன்றும் பார்த்ததில்லை.

துலாக்கொடி
செவ்வாய், மத்தியானம் 1.10

இப்போதுதான் தோட்டத்தால் வந்தேன்.

எங்கள் வீட்டுத் தோட்டக் கிணற்றில் இரண்டு ஆடுகால், அதற்கு மேலே துலா. துலாவின் கிணற்றுப் பக்க நுனியில் கொடி, கொடியில் பட்டை. அப்பாவும் சித்தப்பாவும் துலாவில் ஏறி மிதிப்பார்கள். கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை கீழே போய் நீரை அள்ளும். அடிப்பக்கம் நடந்தால் அவர்கள் பாரத்தில் அடி பணியும், பட்டை மேலே வரும். நான் கிணற்றுக் கட்டில் நின்று அதைப் பிடித்து வாய்க்காலுக்குள் கவிழ்ப்பேன். விடிய நாலு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமட்டும். துலா இடத்தை விட்டு அசையாது. ஆடும், அவ்வளவுதான். ஆனால் நீர் ஒரு பக்கத்தில் இருந்து மற்றப் பக்கம் வந்துவிடும்.

ஒரு சந்தேகம். நீங்கள் சொன்ன செங்குழியத்தில் துலா மிதிக்க ஆள் இல்லையே?

கோப்பாய் ரீச்சர்
செவ்வாய், பின்னேரம் 4.25

இல்லை. அங்கே நீர் பள்ளத்துக்குத்தான் போகிறது, மிதிக்கத் தேவையில்லை. துலா தானாக ஆடிக்கொண்டிருக்கும். எந்தப் பக்கம் சீனி கூடவோ அந்தப் பக்கம் அடிக்கடி நிரம்பும், அவ்வளவுதான்.

பிள்ளை, இப்போது உங்கள் சிறுகுடலுக்கு வருவோம். சாப்பிட்ட உடனே குடலுக்குள் குளுக்கோசு நிறைய இருக்கும். ஆனால் கடைசித் துளி வரை எடுக்க வேண்டுமே. குடலில் குறைவு, கலத்துக்குள் கூட என்ற நிலை வந்த பிறகும் உள்ளே இழுக்க வேண்டும். அதாவது கிணற்றில் இருந்து மேட்டுக்கு. அங்கே மிதிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் சோடியம்.

குடல் சுவர்க் கலத்தின் குடலைப் பார்த்த பக்கத்தில் இருக்கும் காவியின் பெயர் எஸ்.ஜி.எல்.ரி. 1. ஒரு குளுக்கோசுக்கு இரண்டு சோடியம் அயன் சேர்ந்தால்தான் ஆடும். கலத்துக்கு வெளியே சோடியம் லீற்றருக்கு 140 மில்லிமோல் அளவு, உள்ளே பத்துப் பன்னிரண்டு. அதோடு கலத்தின் உள்பக்கம் மறை ஏற்றம். சோடியம் உள்ளே விழத் துடித்துக்கொண்டிருக்கிறது. அது விழுகிற பாரத்தில் குளுக்கோசு மேலே வருகிறது. இரண்டு பேர் மிதிக்கிற துலா என்பதால், கோட்பாட்டளவில் வெளியே இருப்பதை விடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் உள்ளே சேர்க்க முடியும்.

இதில் ஏ.ரி.பி. எங்கே?

தாவடிப் பிள்ளை
செவ்வாய், பின்னேரம் 5.03

சோடியத்தை வெளியே தள்ளுகிற பம்பியில்! கலத்தின் குருதிப் பக்கத்தில் இருக்கிற சோடியம்–பொற்றாசியம் பம்பி. ஒரு ஏ.ரி.பி.க்கு 3 சோடியம் வெளியே, 2 பொற்றாசியம் உள்ளே. அதுதான் உள்ளே சோடியத்தைக் குறைவாக வைத்திருக்கிறது. அப்படியென்றால் குளுக்கோசுக் காவி ஏ.ரி.பி.யைத் தொடுவதே இல்லையா?

துலாக்கொடி
செவ்வாய், பின்னேரம் 5.30

பிள்ளை, அப்பா மிதிக்கப் போக முதல் அம்மா பழஞ்சோறு கரைத்துக் கொடுப்பா. சோறு அப்பாவின் வயிற்றுக்குத்தான். துலாவுக்கு ஒருத்தரும் சோறு ஊட்டினதில்லை.

கோப்பாய் ரீச்சர்
செவ்வாய், பின்னேரம் 5.41

இதை விடத் தெளிவாக நான் சொல்லப் போவதில்லை. உங்கள் குறிப்பில் பிழையான பாதி அதுதான். இதற்குப் பெயர் துணை உயிர்ப்பான கொண்டுசெல்லல். காவி நேரடியாக ஏ.ரி.பி.யைப் பயன்படுத்தும் என்று எழுதினால் பிழை.

உள்ளே வந்த குளுக்கோசு கலத்தின் மற்றப் பக்கத்தால் குருதிக்குப் போக வேண்டும். அங்கே குளூற் 2. அது இறக்கம், மிதிக்க ஆள் தேவையில்லை. ஆக, ஒரே கலத்தில் ஏற்றத்துக்கு ஒரு காவி, இறக்கத்துக்கு இன்னொரு காவி. இவை இடம் மாறி இருந்தால் சீனி வந்த வழியே திரும்பும்.

பனிக்குளிரில் ஒருவன்
செவ்வாய், இரவு 8.10

ஒரு சின்னத் திருத்தம், ஆய்வுகூடப் பழக்கம், மன்னிக்கவும். எஸ்.ஜி.எல்.ரி.யும் குளூற்றும் உறவுக்காரர் இல்லை. எஸ்.ஜி.எல்.ரி. மென்சவ்வை 14 தரம் ஊடறுக்கிறது, மடிப்பும் வேறு, ஆடுகிற விதமும் கொஞ்சம் வேறு. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திறக்கும் என்ற சட்டம் மட்டும் இரண்டுக்கும் ஒன்று. ஒரு ஊரில் துலா, இன்னொரு ஊரில் கப்பி, இரண்டாலும் நீர் வரும்.

இரவு வாட்டு
செவ்வாய், இரவு 11.50

நான் வைத்தியர். இப்போது வாட்டில் கொஞ்சம் அமைதி. அம்மம்மாவின் கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சோடியம் தனியாகக் கொடுத்தால் வயிற்றோட்டக்காரரின் குடல் அதைச் சரியாக எடுக்காது. வாந்திபேதியில் கிருமியின் நஞ்சு குடல் கலத்தை உப்பையும் நீரையும் வெளியே கொட்ட வைக்கிறது. சாதாரணமாகச் சோடியம் உள்ளே வரும் ஒரு பெரிய வழியும் அடைபடுகிறது. ஆனால் எஸ்.ஜி.எல்.ரி. 1 ஐ அந்த நஞ்சு தொடுவதில்லை. நாங்கள் நுழையக்கூடிய வழி அதுதான். குளுக்கோசு கொடுத்தால் அது சோடியத்தையும் சேர்த்து இழுத்து வருகிறது, இரண்டுக்கும் பின்னால் நீர் வருகிறது. ரீச்சர் சோடியத்தின் முதுகில் சீனி வருகிறது என்றார். எங்களுக்கு வாட்டில் சீனியின் முதுகில் உப்பு வருகிறது. துலா ஒன்றுதான், யாருக்கு எது தேவை என்பதுதான் வித்தியாசம்.

சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து போகின்றன என்று ரொபேட் கிரேன் 1960 இல் பிராக் நகரத்தில் நடந்த கூட்டத்தில் சொன்னார். 1971 இல் கிழக்கு வங்காளத்தில் இருந்து அகதிகள் எல்லை தாண்டி வந்தபோது, பொங்காவ் முகாமில் வாந்திபேதி பரவியது. சேலைன் முடிந்துவிட்டது. திலீப் மகாலனோபிஸ் என்ற வைத்தியர் உப்பையும் குளுக்கோசையும் பைகளில் கட்டி, வீட்டு ஆட்களிடமே கொடுத்து வாயால் பருக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 வரை இருந்த இறப்பு 4 க்கும் கீழே வந்தது. முகாம் வாழ்க்கை நமக்குப் புதிதில்லை. கிணறும் மலசலகூடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும்.

இப்போதைய உலக சுகாதார நிறுவனக் கலவையில் ஒரு லீற்றருக்குக் குளுக்கோசு 13.5 கிராம், உப்பு 2.6, பொற்றாசியம் குளோரைட்டு 1.5, சிற்றேற்று 2.9. குளுக்கோசும் சோடியமும் 75க்கு 75 மில்லிமோல். 2002 வரை குளுக்கோசு 20 கிராம் இருந்தது. குறைத்த பிறகு வயிற்றோட்டமும் வாந்தியும் இன்னும் குறைந்தன. சீனி கூடினால் நல்லது என்று நினைக்காதீர்கள். காவிகள் எடுக்கக்கூடியதை விடக் கூடினால் மிச்சச் சீனி குடலுக்குள் நின்று நீரை வெளியே இழுக்கும். வயிற்றோட்டம் மோசமாகும். சோடாவும் பைக்கற் ஜூசும் கொடுக்க வேண்டாம் என்பது இதனால்தான்.

ஒரு அம்மா ஒரு லீற்றர்ப் பைக்கற்றை ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "கட்டியாக இருந்தால் வேகமாகக் கேட்கும் என்று நினைத்தேன் டொக்டர்" என்றார். பிள்ளை நாக்கு வறண்டு வந்தது. ஒரு லீற்றர் என்றால் ஒரு லீற்றர்தான். கொதித்து ஆறின தண்ணீர்.

தாவடிப் பிள்ளை
புதன், காலை 6.20

அம்மா ஒரு லீற்றர்ப் போத்தலில்தான் கரைத்தார், கடவுளே. தம்பி இப்போது துள்ளித் திரிகிறான். அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப எங்கட காலத்தில உப்புப் போட்ட கஞ்சி குடுத்தது?" என்று கேட்கிறார். செவ்விளநீரும் கொடுத்தார்களாம்.

இரவு வாட்டு
புதன், காலை 7.45

அம்மம்மா வெல்கிறார். அரிசியின் மாப்பொருள் குடலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோசாக உடையும், ஒரேயடியாகச் சீனி கொட்டின மாதிரி நீரை வெளியே இழுக்காது. அரிசிமாவால் செய்த கரைசல் வாந்திபேதிக்கு நன்றாக வேலை செய்வது சோதித்துப் பார்த்த விஷயம். உப்பின் அளவு மட்டும் கைப்போக்கில் போகும், அதுதான் பயம். இளநீரில் பொற்றாசியம் கூட, சோடியம் மிகக் குறைவு. குடிக்கலாம், ஜீவனிக்குப் பதிலாக அல்ல.

மானிப்பாய் மகன்
புதன், மத்தியானம் 12.32

இழையைத் திசை திருப்புகிறேன், குறை நினைக்க வேண்டாம். அப்பாவுக்குச் சீனி வருத்தம், பத்து வருடம். இரண்டு மாதம் முதல் கிளினிக்கில் குளிசை மாற்றினார்கள். நேற்று வேறு ஒரு இடத்தில் சலம் சோதித்தோம். சீனி நாலு பிளஸ்! குருதியில் பார்த்தால் முன்னையை விடக் குறைவு. அறிக்கை தந்தவர், "வருத்தம் முற்றிவிட்டது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை. குளிசையின் பெயர் "புளோசின்" என்று முடிகிறது.

மருந்துக்கடைத் தம்பி
புதன், மத்தியானம் 12.40

அண்ணா, பயப்பட வேண்டாம். அந்தக் குளிசையின் வேலையே அதுதான். சலத்தில் சீனி வரவில்லை என்றால்தான் அப்பா குளிசை போடுகிறாரா என்று பார்க்க வேண்டும்.

இரவு வாட்டு
புதன், பின்னேரம் 3.15

தம்பி சொன்னது சரி. இது திசை திருப்பலும் இல்லை, அதே துலாவின் அடுத்த கிணறு.

சிறுநீரகம் ஒரு நாளைக்கு 180 லீற்றர் அளவு திரவத்தை வடிக்கிறது. அதோடு ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோசும் வடிந்துவிடும். சுகதேகியின் சலத்தில் அது வருவதில்லை, எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சிவிடுகிறது. அதில் நூற்றுக்கு 90 ஐ எடுப்பது எஸ்.ஜி.எல்.ரி. 2. இது ஒரு ஆள் மிதிக்கிற துலா, ஒரு சோடியத்துக்கு ஒரு குளுக்கோசு. மிச்சத்தைக் கடைசியில் இரண்டு ஆள் துலா அள்ளும். குருதியில் சீனி டெசிலீற்றருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டும்போது துலாக்கள் போதாமல் போய்ச் சலத்தில் வழியத் தொடங்கும். சலத்தில் எறும்பு மொய்க்கிறது என்று ஆச்சிமார் கண்டுபிடித்தது இதைத்தான்.

அப்பாவின் குளிசை அந்த எஸ்.ஜி.எல்.ரி. 2 க்குள் போய் அடைத்துக்கொள்கிறது. திரும்ப எடுக்காத சீனி சலத்தோடு போகிறது. நாளுக்கு 60 கிராமுக்கு மேலும் போகலாம். இந்தக் குளிசையின் மூதாதை ஆப்பிள் மரப் பட்டையில் இருந்து 1835 இல் எடுத்த புளோரிசின் என்ற கசப்புப் பொருள். 1886 இல் அதை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சலத்தில் சீனி வந்தது. அப்போது அது வருத்தத்தை உண்டாக்குகிற சாமான் என்று நினைத்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் கழிந்து, அதே யோசனை மருந்தாக வந்தது. புளோரிசினை அப்படியே கொடுக்க முடியாது. அது குடலில் இருக்கும் எஸ்.ஜி.எல்.ரி. 1 ஐயும் அடைக்கும்.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கந்தசஷ்டி வருகிறது. ஆறு நாள் பட்டினி இருக்கிறவர்கள் இந்தக் குளிசையைப் போட்டபடி விரதம் பிடிக்கக்கூடாது. உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, குருதி அமிலமாகிவிடக்கூடும். அப்போது சீனி அளவு பெரிதாக ஏறியிருக்காது, அதனால் ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டார்கள். வாந்தி, வயிற்று நோ, மூச்சு வாங்கல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு. விரதத்துக்கு முதலே கிளினிக்கில் கேளுங்கள். வயிற்றோட்டம், காய்ச்சல் என்று சாப்பிடாமல் கிடக்கிற நாட்களுக்கும் இதேதான்.

மானிப்பாய் மகன்
புதன், பின்னேரம் 3.48

அப்பா ஒவ்வொரு வருடமும் சஷ்டி பிடிக்கிறவர். நல்ல காலம் சொன்னீர்கள். நாளைக்கே போகிறோம். மிக்க நன்றி டொக்டர்.

சுன்னாகம் சுருக்கர்
புதன், இரவு 8.00

இவ்வளவு கதைத்தும் இன்சுலினைக் காணவில்லையே. அதுதானே கதவைத் திறக்கிற திறப்பு?

கோப்பாய் ரீச்சர்
புதன், இரவு 8.37

வாருங்கள் சுருக்கர். திறப்பு என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் ஒரு காலத்தில் சொன்னேன். இன்சுலின் ஒரு கதவையும் திறப்பதில்லை. தசையிலும் கொழுப்பிலும் குளூற் 4 என்ற காவி கலத்துக்குள்ளேயே சிறு பைகளில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இன்சுலின் வந்ததும் அந்தப் பைகள் மென்சவ்வுக்கு வந்து அதனுடன் ஒன்றிவிடும். கதவைத் திறக்கவில்லை, கொட்டிலில் கிடந்த துலாவை எடுத்து வந்து கிணற்றில் பூட்டுகிறது. இன்சுலின் குறைந்ததும் திரும்பக் கொட்டிலுக்கு.

மூளைக்கு இது தேவையில்லை, அங்கே குளூற் 1 உம் 3 உம் எந்நேரமும் பூட்டியபடி இருக்கும். தசையும் வேலை செய்தால் இன்சுலின் சொல்லாமலே குளூற் 4 ஐ வெளியே கொண்டு வரும். பின்னேரத்தில் பண்ணைப் பக்கம் நடக்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சுருக்கர் இதைக் கவனிக்கவும்.

வயல்வெளி
வியாழன், காலை 9.10

நான் கிளிநொச்சிப் பக்கம் விவசாயத்துறையில் இருக்கிறேன். வீடு கைதடி. தாவரத்தை விட்டுவிட்டு இழையை முடித்துவிடாதீர்கள்.

இலையில் செய்த சுக்குரோசு கலத்தை விட்டு வெளியே வர ஒரு காவி வேண்டும். அதைக் கண்டுபிடித்தது 2012 இல்தான், வூல்ஃப் பிரொம்மர் குழு. பெயர் ஸ்வீற். ஆங்கிலத்தில் இனிப்பு என்று பெயர் வைத்து மகிழ்ந்திருக்கிறார்கள். அது இறக்கம். வெளியே வந்ததை உரியத்துக்குள் (தாவரத்தில் சீனிச் சாறு ஓடுகிற குழாய்கள்) ஏற்ற, பல தாவரங்களில் இன்னொரு காவி. அது மேட்டுக்கு இறைப்பு, ஆனால் மிதிப்பது சோடியம் இல்லை, ஐதரசன் அயன். உரியத்தில் சீனி சேர்ந்தால் நீரும் சேரும், அமுக்கம் கூடும், சாறு ஓடும். நம் ஊரில் பாளை சீவி முட்டி கட்டினால் சொட்டுகிறதே, அது அந்த உரியச் சாறுதான்.

முட்டிக்குள் வந்த பிறகும் காவிகளின் கதை முடியவில்லை. சுக்குரோசை மதுவம் (ஈஸ்ற்) முதலில் தன் மேற்பரப்பிலேயே நொதியத்தால் இரண்டாக வெட்டும். பிறகு குளுக்கோசையும் பிரற்றோசையும் தன் காவிகளால் உள்ளே எடுக்கும். அந்த அளவு இனிப்பில் அதற்கு மிதிப்பு ஒன்றும் தேவையில்லை, எல்லாம் பள்ளம். மத்தியானத்துக்குள் கள்ளு. முட்டியில் சுண்ணாம்பு பூசினால் சாறு காரமாகி மதுவம் அடங்கிவிடும், கருப்பணி கிடைக்கும். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி.

எங்களுக்குத் தலையிடி நெல்லில். இலை நுனியில் இருந்து ஓரம் வெளிறிக் காய்ந்துகொண்டு வரும் ஒரு பற்றீரியா நோய் இருக்கிறது. அந்தப் பற்றீரியா நெல்லின் கலத்துக்குள் ஒரு புரதத்தை ஊசி போடுகிற மாதிரிச் செலுத்தி, நெல்லின் சொந்த ஸ்வீற் மரபணுவையே முடுக்கிவிடுகிறது. நெல் தன் சீனியைத் தானே வெளியே கொட்டுகிறது, கிருமி இருந்த இடத்தில் இருந்து சாப்பிடுகிறது. நோய் தாங்கும் சில நெல் வகைகளில், அந்த மரபணுவுக்கு முன்னால் கிருமியின் புரதம் வந்து ஒட்டுகிற இடம் மாறியிருக்கிறது. காவி அப்படியே இருக்கும், கிருமியால் அதை முடுக்க முடியாது.

துலாக்கொடி
வியாழன், மத்தியானம் 1.22

கள்ளன் கிணற்றில் இறங்கவில்லை, வீட்டுக்காரரையே இறைக்க வைத்திருக்கிறான்.

தாவடிப் பிள்ளை
வெள்ளி, இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. எழுதிப் பார்த்தேன், ரீச்சர் திருத்தவும்:

"சிறுகுடலில் குளுக்கோசு, சோடியம் அயன்களுடன் ஒரே காவிப் புரதத்தினூடாக மேலணிக் கலத்தினுள் எடுக்கப்படும். இதற்கான சக்தி சோடியத்தின் மின்னிரசாயனப் படித்திறனில் இருந்து பெறப்படும். அப்படித்திறன் ஏ.ரி.பி.யைப் பயன்படுத்தும் சோடியம்–பொற்றாசியம் பம்பியால் பேணப்படும். பின்னர் குளுக்கோசு வேறொரு காவியினூடாக, இலகுவாக்கப்பட்ட பரவலால் குருதியை அடையும்."

கோப்பாய் ரீச்சர்
வெள்ளி, இரவு 9.44

முழுப் புள்ளி. சோடியம் இரண்டு என்று எண்ணிக்கையையும் போட்டுவிடுங்கள்.

தாவடிப் பிள்ளை
ஞாயிறு, பின்னேரம் 6.05

இன்றைக்கு ரியூசனில் சேரிடம் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். குறிப்பில் இருந்த வசனத்தை எல்லாரையும் வெட்டச் சொன்னார். நான் கொப்பியின் ஓரத்தில் கீறியிருந்த படத்தைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "சரி, ஆனால் சோதனையில் துலாவைக் கீறாதே" என்றார்.

துலாக்கொடி
ஞாயிறு, பின்னேரம் 6.20

ஏன், துலாவுக்கு என்ன குறை?